ஜல்லிக்கு வேறு இடம் கிடையாதா?

வீடு கட்ட ஜல்லி வேண்டும். ரோடு போடச் சரளை வேண்டும். பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் வேண்டும். இதில் யாருக்கும் சண்டை இல்லை. எங்கே தோண்டுவது என்பதில்தான் சண்டை.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ஆம் ஆண்டு வரை அது தனிப் பேரூராட்சி. பிறகு ஓசூர் நகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. ஒரு பக்கம் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் ராகிக் கொல்லை. ராகிக்கு நடுவே அவரையும் துவரையும். கிணறு உள்ள இடத்தில் தக்காளி, முட்டைகோஸ், பீன்ஸ், ரோஜா. வடக்கே போனால் கர்நாடக எல்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர்தான்.

ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. 2024 ஜூன் மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் ஓர் அறிவிப்புச் செய்தார். ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்றார். ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்து போகும் அளவுக்குப் பெரியது. விமானம் இறங்கும் பாதைக்கு அடியில் என்ன போடுவார்கள்? சரளையும் ஜல்லியும்தான். அது எங்கிருந்து வரும்? பக்கத்துப் பூமியிலிருந்து வரும். தூரத்திலிருந்து கொண்டுவந்தால் லாரி வாடகை கட்டுபடி ஆகாது.

ஆகவே, குவாரியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு மாடி வீட்டில் குடியிருப்பது நியாயமும் அல்ல. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. விளைகிற நிலத்தைத் தோண்டுவதற்கு முன்னால், வேறு இடம் இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?

தங்கமா இது?

குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு மனு எழுதும்போது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "வேறு இடங்கள் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் விவரம் என்ன?" என்பது அந்தக் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் பெரும்பாலான மனுக்களில் பதில் ஒரே மாதிரி இருக்கும். "கனிமம் இருக்கும் இடத்தில்தான் எடுக்க முடியும். ஆகவே வேறு இடம் பார்க்கவில்லை." அவ்வளவுதான். கேள்வி அதோடு முடிந்துவிடும்.

இந்தப் பதில் சில கனிமங்களுக்குப் பொருந்தும். ஓசூருக்கு அந்தப் பக்கம் கோலார் இருக்கிறது. அங்கே 2001-ஆம் ஆண்டு வரை தங்கம் எடுத்தார்கள். தங்கம் கோலாரில் இருந்தது. அதனால் கோலாரில் தோண்டினார்கள். மத்திகிரியில் தோண்டியிருந்தால் கிடைத்திருக்குமா? கிடைத்திராது. கிருஷ்ணகிரி வட்டாரத்து வண்ணக் கிரானைட்டும் அப்படித்தான். அந்த நிறமும் அந்தக் கோடும் அந்தப் பாறையில் மட்டும் இருக்கும். வெளிநாட்டு வியாபாரி அந்த நிறத்தைத்தான் கேட்பார்.

சரளைக்கு என்ன நிறம் வேண்டிக் கிடக்கிறது? ஜல்லிக்கு என்ன கோடு வேண்டிக் கிடக்கிறது? கிருஷ்ணகிரி ஜில்லாவில் பாறை இல்லாத ஊர் எது? கரடு இல்லாத கிராமம் எது? எங்கும் உள்ள பொருளுக்கு, எங்கோ ஓரிடத்தில் மட்டும் உள்ள பொருளின் சலுகையைக் கொடுக்கிறோம். தங்கத்துக்குச் சொல்ல வேண்டிய சாக்கை ஜல்லிக்குச் சொல்லுகிறார்கள். அதிகாரிகளும் வாங்கிக்கொள்ளுகிறார்கள். தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எண்ணூறு நடை

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். அதில் 2 மீட்டர் ஆழத்துக்குச் சரளை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 8,000 கன மீட்டர் கிடைக்கும். டிப்பர் லாரி ஒன்று நடைக்கு 10 கன மீட்டர் ஏற்றினால், 800 நடையில் ஓர் ஏக்கர் காலி. வெட்டிய மண் உப்பும். ஆகவே நடை கொஞ்சம் கூடலாம். நாளைக்கு 20 நடை ஓடினால் 40 நாள். தாத்தா கல் பொறுக்கி, எரு அடித்துப் பண்படுத்திய நிலம் 40 நாளில் லாரி ஏறிப் போய்விடுகிறது.

அதே ஓர் ஏக்கர் கெட்டிப் பாறையாக இருந்து, 20 மீட்டர் ஆழம் உடைத்தால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு பொருள் கிடைக்கும். பக்கச் சுவர் சரியாமல் இருக்கப் படிப்படியாக வெட்ட வேண்டும். அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்தாலும் வித்தியாசம் பெரியது. சரளைக் குவாரி ஆழம் போகாது. அகலத்தில் பரவும். அதனால்தான் அது ஏக்கர் ஏக்கராக நிலத்தைத் தின்கிறது.

இன்னொரு சங்கதி. இது பலருக்குத் தெரியாது.

நம் பக்கத்துப் பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழையது. மேலே மண். மண்ணுக்குக் கீழே உளுத்துப்போன பாறை. அதுதான் சரளை. லாரிக்காரர்கள் கிராவல் என்பார்கள். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. மழைத் தண்ணீர் கெட்டிப் பாறைக்குள் சுலபமாக இறங்காது. வெடிப்பு உள்ள இடத்தில் மட்டும் கசியும். மழைத் தண்ணீர் தங்குவதெல்லாம் நடுவில் உள்ள அந்த உளுத்த பாறையில்தான். அது பஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்கு விடும்.

சரளையை வழித்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கிணற்றின் தொட்டியையே பெயர்த்து எடுத்தது போல் ஆகும். தோண்டியவர் நிலத்துக்கு மட்டுமா நஷ்டம்? பக்கத்து நிலத்துத் தண்ணீரும் பள்ளத்துக்கு வந்து வெயிலில் ஆவியாகிப் போகும். அவர் குவாரிக்குக் கையெழுத்துப் போடவில்லை. பணமும் வாங்கவில்லை. கிணறு மட்டும் வற்றுகிறது.

தூசியையும் சொல்ல வேண்டும். ஓசூர் வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் நிறைய. புழுவுக்கு மல்பெரித் தழை சுத்தமாக இருக்க வேண்டும். தூசி படிந்த தழையைப் போட்டால் புழு சரியாகத் தின்னாது. நோய் காணும். ரோஜாவிலும் அப்படியே. தூசி படிந்த பூவுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்று பூ கட்டும் பெண்களைக் கேளுங்கள்.

நிலத்துக்காரர் ஏன் கொடுக்கிறார்?

பேராசை என்று சிலர் சொல்லுகிறார்கள். அது அநியாயம். தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்து, பறிகூலிக்குக் கட்டாமல் கூடை கூடையாக ரோட்டில் கொட்டிய வருஷங்கள் உண்டு. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கடன் ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் கையில் ரொக்கத்தோடு வந்தால், எத்தனை பேர் மறுப்பார்கள்? அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

குவாரிக்காரருக்கும் ஒரு கணக்கு உண்டு. சர்க்கார் புறம்போக்கில் தோண்ட வேண்டுமானால் ஏலம், டெண்டர் என்று போட்டி போட வேண்டும். பட்டா நிலத்தில் அப்படி இல்லை. நிலத்துக்காரரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மனுப் போடலாம். தோட்டத்துக்குப் பக்கத்தில் ரோடும் இருக்கும். கரட்டுக்குப் போக வேண்டுமானால் பாதையே புதிதாகப் போட வேண்டும். ஆகவே அவர் கண் கரட்டின் மேல் விழுவதில்லை. தோட்டத்தின் மேல்தான் விழுகிறது. அவர் தமக்கு எது மலிவு என்று பார்க்கிறார். அது இயற்கை. ஊருக்கு எது மலிவு என்று யார் பார்ப்பது? அது சர்க்கார் வேலை அல்லவா?

மாற்று இடங்கள்

வேறு இடம் என்றவுடன், "பேசாமல் மலைப்பக்கம் போகட்டும்" என்று சொல்லிவிடுவது சுலபம். அங்கேயும் விஷயம் இருக்கிறது.

நம் மலைப்பக்கம் என்பது காட்டோரம். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டோடு தொடர்ந்து கிடக்கின்றன. ராகி விளையும் பருவத்தில் யானைக் கூட்டம் அந்தப் பக்கமிருந்து வரும். ஓசூரை ஒட்டிய சானமாவு காடு வரை வரும். ஆண்டுதோறும் நடக்கிற காரியம் இது. யானை போகிற பாதையில் வெடி வைத்தால் யானை திரும்பிக் கர்நாடகத்துக்குப் போகுமா? பக்கத்து ராகிக் கொல்லையில் இறங்கும். தோட்டத்தைக் காப்பாற்ற என்று குவாரியைக் காட்டோரம் தள்ளினால், யானை ரூபத்தில் நஷ்டம் தோட்டத்துக்கே வரும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு சர்க்கார் செய்ததைப் பாருங்கள். 2021 நவம்பரில் ஓர் உத்தரவு போட்டார்கள். வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம், யானைப் பாதை, காப்புக் காடு இவற்றுக்கு ஒரு கிலோ மீட்டருக்குள் குவாரி கூடாது என்றார்கள். நல்ல உத்தரவு. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து காப்புக் காட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்தில் காடு மாறிவிட்டதா, யானை மாறிவிட்டதா? இரண்டும் மாறவில்லை. ஆட்சேபம் எழுந்தது, எழ வேண்டியதுதான். ஒரு மாநிலத்துக்கு முழுவதும் ஒரே கோடு போட்டுவிட்டு, பிறகு அதை அழிப்பதால் இடம் பார்த்ததாக ஆகாது. இந்தக் கரட்டில் என்ன இருக்கிறது, அந்தக் கரட்டில் என்ன இருக்கிறது என்று தனித்தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

மொட்டைப் பாறை என்று நினைக்கிற இடத்திலும் சரித்திரம் இருக்கும். சூளகிரிப் பக்கம் மல்லசந்திரம் என்ற ஊரில் ஒரு பாறைக்குன்று. அதன்மேல் பெருங்கற்காலத்து மக்கள் கல் பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிக் கட்டிய கற்திட்டைகள் ஏராளமாக இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டு பழையவை. தெரியாதவர் பார்த்தால் வெறும் கல் என்பார். கிரஷர்காரர் பார்த்தால் ஜல்லி என்பார்.

புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தம் இல்லை என்று அர்த்தம் அல்ல. ஆடு மேய்க்கிறவருக்கு அது சொந்தம். ஏரிக்குத் தண்ணீர் வரும் ஓடையும் புறம்போக்குத்தான். மதுரை மேலூர் வட்டாரத்தில் கிரானைட் தோண்டியவர்கள் கண்மாயையும் வாய்க்காலையும் அழித்ததாகப் புகார் கிளம்பியது. 2014-ல் சென்னை ஐகோர்ட்டு, சகாயம் ஐ.ஏ.எஸ். அவர்களை விசாரணைக்கு அனுப்பியது. அது நினைவில் இருக்கட்டும்.

மத்திகிரியிலேயே ஒரு பெரிய இடம் உண்டு. சர்க்கார் கால்நடைப் பண்ணை. 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஏற்படுத்தியது. 1,600 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. நகரத்து நடுவே இவ்வளவு இடம் சும்மாக் கிடக்கிறதே என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சும்மாக் கிடக்கவில்லை. புல் விளைகிறது. மாடு மேய்கிறது. மழைத் தண்ணீர் இறங்குகிறது. 200 ஆண்டு காப்பாற்றிய புல்வெளியைக் காலி மனை என்று நினைப்பவர்களுக்கு இதையெல்லாம் சொன்னால் புரியுமோ என்னவோ.

அப்படியானால் எங்கேதான் போவது?

என் அபிப்பிராயத்தில் முதலில் பார்க்க வேண்டியது, ஏற்கனவே கெட்டுப்போன இடங்களை. பாதியில் விட்ட கல் குவாரிகள் ஜில்லா முழுவதும் இருக்கின்றன. பாறை மிச்சம் இருக்கும். பாதை இருக்கும். நிலம் எப்படியும் விளையாது. அருகில் கிணறு, வீடு எத்தனை என்று பார்த்துவிட்டு, அங்கேயே இன்னும் எடுக்கலாம். எடுத்து முடித்தபின் சுற்றிலும் வேலி போட்டு ஒழுங்காக மூடவும் செய்யலாம். விடுமுறை நாளில் குவாரிக் குட்டையில் குளிக்கப் போன சிறுவர்கள் மூழ்கினார்கள் என்ற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! புதிய பள்ளம் ஒன்று குறைந்தால், தாய்மாருக்குப் பயமும் ஒன்று குறையும்.

அடுத்தது, கிரானைட் குவாரிக் கழிவு. ஏற்றுமதிக்குப் பெரிய கட்டையாக வெட்டும்போது, கீறல் விழுந்ததும் நிறம் சேராததும் ஒதுக்கப்படும். வெட்டியதில் பெரும்பங்கு இப்படித்தான் ஒதுங்குகிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரங்களில் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. அதுவும் ஜல்லிக்கு ஆகும் கல்தான். அங்கிருந்து ஓசூருக்குக் கொண்டுவர வாடகை அதிகம் என்பார்கள். உண்மை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோ மீட்டர். ஆனால் அந்தக் கழிவுக்குச் சர்க்காருக்குச் செலுத்தும் கட்டணத்தைக் குறைத்தால் வாடகையில் ஒரு பகுதி சரிக்கட்டும். விளைநிலத்தை அழிப்பது மலிவாகவும், கழிவை எடுப்பது கிராக்கியாகவும் இருந்தால் வியாபாரி எதைச் செய்வார்? கட்டணம் இதை மாற்றலாம்.

இடித்த கட்டடத்து இடிபாடும் இருக்கிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அதை அரைத்துப் பயன்படுத்த ஆலை வைத்திருக்கிறார்கள். ஓசூரும் மாநகராட்சிதானே? கொஞ்சம் ரோட்டுச் சரளையாவது இதில் மிச்சமாகும். எல்லாத் தேவைக்கும் இது போதாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பதிவேட்டில் பதில் இருக்கிறது

இங்கிலாந்தில் வேறு முறை. அங்கே கவுண்டி என்பது நம் ஜில்லா மாதிரி. அந்தக் கவுண்டி நிர்வாகமே, வருகிற ஆண்டுகளுக்கு எவ்வளவு மணலும் சரளையும் தேவை என்று கணக்கிடும். ஏழு ஆண்டுக்குக் குறையாமல் கையிருப்பு இருக்க வேண்டும் என்பது விதி. எங்கெங்கே எடுக்கலாம் என்று பல இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திட்டம் போடும். விளைநிலத்தை ஐந்து தரமாகப் பிரித்திருக்கிறார்கள். உயர்ந்த தரத்து நிலத்தைக் கூடுமானவரை தொடாமல் இருக்கப் பார்ப்பார்கள். தொட்டால் மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும். பிறகு ஐந்து ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். அங்கே சண்டை இல்லை என்று நினைக்க வேண்டாம். உண்டு. ஆனால் லாரி வருவதற்கு முன்னால் சண்டை நடக்கிறது.

நமக்கு அப்படித் தரம் பிரிக்கத் தெரியாதா? வெள்ளைக்காரன் காலத்திலேயே பிரித்தாகிவிட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் நன்செயா புன்செயா, என்ன மண், என்ன தரம், என்ன தீர்வை என்று அதில் எழுதியிருக்கிறது. இதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அந்தத் தரம் பழையது. அன்று மட்டமான புன்செய் என்று எழுதிய நிலத்தில் இன்று சொட்டு நீர் போட்டு ரோஜா வளர்க்கிறார்கள். ஆகவே அடங்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பசலியில் என்ன பயிர் என்பது அதில் தெரியும். இரண்டையும் மேசைமேல் வைத்தால், எந்த நிலத்தைத் தொடக்கூடாது, எது வெறும் தரிசு என்று ஒரு வாரத்தில் பட்டியல் போடலாம். புதிய கமிட்டியும் வேண்டாம், வெளிநாட்டுப் பயணமும் வேண்டாம்.

சட்டம் கொஞ்சம் வழி காட்டியிருக்கிறது. அரியானாவில் ஆற்றோரத்துக் கல்லும் சரளையும் எடுக்க 2011-ல் ஏலம் விட்டார்கள். ஒவ்வொன்றும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டு. 5 ஹெக்டேருக்குக் கீழே என்றால் அன்று சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. சின்னத் துண்டானாலும் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரி 27-ஆம் தேதி கோர்ட்டு உத்தரவிட்டது. அதன்பின் 2016 ஜனவரியில் மத்திய சர்க்கார் இன்னொரு விதி கொண்டுவந்தது. சிறு கனிமங்கள் எங்கெங்கே உள்ளன, எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று ஒவ்வொரு ஜில்லாவும் ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும். வரைவை 21 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இந்த 21 நாள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கலெக்டர் ஆபீசு இணையதளத்தில் போட்டால் ராகி அறுக்கிறவர் எங்கே பார்க்கப் போகிறார்? வரைவைத் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு ஊராட்சி ஆபீசிலும் ஒட்ட வேண்டும். கிராமசபையில் படித்துக் காட்ட வேண்டும். மத்திகிரி மாநகராட்சியில் சேர்ந்துவிட்டதால் அங்கே கிராமசபை இல்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருக்கிறது. மத்திகிரிக்காரர்களுக்கு வார்டுக் கூட்டத்தில் படிக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் என்ன கேட்பது? குறைந்தது மூன்று இடங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன பயிர், பக்கத்தில் எத்தனை கிணறு, எத்தனை வீடு என்று கேளுங்கள். கல் குவாரிக்கும் குடியிருப்புக்கும் 300 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சிறு கனிம விதிகளில் இருக்கிறது. அதைச் சங்கிலி பிடித்து அளந்தார்களா என்று கேளுங்கள். லாரி எந்த ரோட்டில் வரும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வருமா, மேல்மண்ணை எங்கே குவித்து வைப்பார்கள், தோண்டி முடித்தபின் பள்ளத்தை யார் மூடுவார்கள், அதற்குப் பணம் முன்கூட்டியே கட்டினாரா என்றும் கேளுங்கள். பெண்கள் கட்டாயம் போக வேண்டும். கிணறு வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவர்கள்தானே!

கலெக்டருக்கும் ஒரு விண்ணப்பம். "வேறு இடம் பார்க்கவில்லை" என்று எழுதிய சரளைக் குவாரி மனு மேசைக்கு வந்தால், வேறு காகிதம் எதையும் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டு வா என்று எழுதித் திருப்பி அனுப்பினால் போதும்.